வெள்ளை வழுக்காமல் இருக்க: பூல் மேசையிலை சோக் பூசிற முறை

கரம் விளையாடி வளர்ந்த பெடியள் பூல் மேசைக்கு வந்தால் முதல் சொல்லவேண்டியது ஒண்டுதான்: பவுடரை மறவுங்கோ. கரம் பலகையிலை பவுடர் போடுறது காய் வழுக்கி ஓட. பந்தை அடிக்கிற கோலான கியூவின்ரை நுனியிலை சோக் பூசிறது நேரெதிர் வேலைக்கு, வழுக்காமல் பிடிக்க. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ரண்டு மேசையை வைச்சுப் பார்க்கிறவன் நான். பின்னேரம் வாற கம்பஸ் பெடியள் அடிக்கொருக்கால் "அண்ணை, இந்தக் கியூ சரியில்லை" எண்டு கொண்டுவந்து நீட்டுவாங்கள். வாங்கிப் பார்த்தால் கியூவிலை ஒரு பிழையுமில்லை. நுனியிலை இருக்கிற தோல், டிப் எண்டுறது, பளபளவெண்டு மினுங்கும், ஒரு துளி சோக் இராது.

பேர் சோக் எண்டாலும் பள்ளிக்கூட வெண்கட்டிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. வில்லியம் ஸ்பிங்ஸ் எண்ட பில்லியட்ஸ் விளையாட்டுக்காரரும், வில்லியம் ஹொஸ்கின்ஸ் எண்ட சிக்காகோ இரசாயனவியலாளரும் சேர்ந்து 1897இலை அமெரிக்காவிலை காப்புரிமை எடுத்த சாமான் இது. சிலிக்கா, கொரண்டம் போலக் கடினமான துகள்களோடை பசையும் சாயமும் சேர்த்து இறுக்கின கட்டி. அந்தத் துகள் தோல் டிப்பிலை ஏறி நிண்டு பந்தைக் கவ்வும். வெண்கட்டி மென்மையானது, ஒரு அடியிலை நசிஞ்சு போயிடும். ரியூசன் கொட்டிலிலை இருந்து வெண்கட்டித் துண்டு கொண்டுவந்து பூசிறவையை நான் மேசைக்குக் கிட்ட விடுறேல்லை.

கியூவாலை அடிக்கிற வெள்ளைப் பந்தின்ரை நடுவிலை அடிக்கிறவனுக்குச் சோக் இல்லாட்டிலும் ஒருமாதிரிச் சமாளிக்கலாம். கீழை அடிச்சு வெள்ளையைப் பின்னுக்கு வரவைக்கிற டிரோ எடுக்கவோ, பக்கத்திலை அடிச்சுச் சுழலவைக்கிற சைட் குடுக்கவோ வெளிக்கிட்டால்தான் தெரியும். பூல் பந்து 57 மில்லிமீற்றர் விட்டம். நல்லாச் சோக் பூசின டிப்பாலை நடுவிலை இருந்து விளிம்புப் பக்கமாய் ஏறத்தாழப் பாதித் தூரம், சுமார் 14 மில்லிமீற்றர் வரைக்கும் தள்ளி அடிக்கலாம். அதுக்கு அங்காலை எந்த விலையான சோக்கும் காப்பாத்தாது. சோக் இல்லாத டிப்புக்கு அந்த எல்லை இன்னும் நடுவுக்குக் கிட்ட வந்திடும், ரக் எண்டு சத்தம் கேட்கும், வெள்ளை தன்ரை பாட்டிலை போகும்.

சோக்கைக் கையிலை எடுக்கமுதல் டிப்பைப் பாருங்கோ. தட்டையாயோ வழுவழுப்பாயோ இருந்தால் சோக் நிக்காது. ஒரு ரூபாய்க் குத்தியின்ரை விளிம்பு எப்பிடி வளைஞ்சிருக்குதோ அந்த அளவு வளைவு டிப்பிலையும் இருக்கவேணும். இல்லாட்டில் நைசான சாண்ட் பேப்பராலை சுத்திவர மெல்லமாய் உரஞ்சி வளைவை எடுங்கோ. மேல்தோல் கொஞ்சம் சொரசொரப்பாய் வந்தால் போதும், கனக்க உரஞ்சினால் டிப்தான் முடியும். கடினமான டிப்பெண்டால் சோக்கைக் குறைவாய்த்தான் பிடிக்கும், அடிக்கடி சொரசொரப்பாக்க வேணும்.

இனிப் பூசிறது. கனபேர் கட்டியைக் கியூவுக்கு மேலை கவிட்டுவைச்சு, கண்ணை வேறை எங்கையோ விட்டிட்டு, துறப்பணம் போடுற மாதிரிக் கரகரவெண்டு திருகுவினம். கட்டியின்ரை நடுவிலை குழி விழும், டிப்பின்ரை விளிம்பிலை ஒண்டும் ஒட்டாது. சைட் அடிக்கேக்கை பந்தைத் தொடுறது அந்த விளிம்புதானே! கியூவைச் சரிச்சு, நுனி கண்ணுக்குத் தெரியிற மாதிரிப் பிடியுங்கோ. கட்டியாலை மெல்லமாய், ஒரு பக்கமாய் இழுத்துப் பூசுங்கோ. மற்றக் கையாலை கியூவைக் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சுழட்டுங்கோ. நாலைஞ்சு இழுவை காணும். பிறகு லைற் வெளிச்சத்திலை பாருங்கோ, எங்கையாவது மினுங்கினால் அந்த இடத்திலை இன்னொருக்கால். மெல்லிய படைதான் வேணும், அப்பின சோக் முதல் அடியிலையே மேசைத் துணியிலை கொட்டுண்ணும்.

ஒவ்வொரு அடிக்கும் முதல் பூசுங்கோ. ரீவியிலை பெரிய ஆக்கள் அடிக்கமுதல் சோக்கை எடுக்கிறதை ஸ்டைலுக்குச் செய்யினம் எண்டு நினைக்கிற பெடியள் இருக்கிறாங்கள். ஒரு அடியோடையே டிப் பந்தைத் தொட்ட இடத்திலை சோக் குறைஞ்சிடும். பூசிற அந்த நேரம் அடுத்த பந்தை யோசிக்கவும் உதவும். தவறின பிறகு கியூவை முறைச்சுப் பார்த்துச் சோக் பூசிறதாலை ஒரு பிரயோசனமும் இல்லை.

எதை வாங்கிறது? எங்கடை மேசையளுக்கு அமெரிக்காவிலை செய்யிற மாஸ்டர் எண்ட நீலச் சோக்கே தாராளம். ஸ்னூக்கருக்கு ட்ரையாங்கிள் எண்ட பச்சைச் சோக்கை விரும்பிறவை கனக்க. பின்லாந்தின்ரை தாவோம் எண்ட சோக் துணியிலையும் பந்திலையும் குறையத்தான் அழுக்கு வைக்கும், நல்ல சாமான். விலையைப் பார்த்தால் மனம் வராது. லண்டன், கனடாவிலை இருந்து சொந்தக்காரர் ஆராவது வந்தால் சொல்லிவிடுங்கோ, பொக்கற்றிலை அடங்கிற சாமான். சொந்தக் கியூ வைச்சிருக்கிறவைக்குத்தான் அது சரி. பொது மேசையிலை வைச்சால் ஒரு கிழமைக்குள்ளை கால் முளைச்சிடும். பேர் தெரியாத மலிவுக் கட்டியெண்டால் வாங்கமுதல் விரலாலை ஒருக்கால் தேய்ச்சுப் பாருங்கோ. மாப்போலச் சீராய் ஒட்டவேணும். ஒட்டாமல் வழுக்கினாலோ மணிமணியாய் உதிர்ந்தாலோ வேண்டாம். நிறம் துணியின்ரை நிறத்தோடை போகவேணும், நீலத் துணியிலை சிவப்புச் சோக் பூசினால் மேசைக்காரன் உங்களை மறக்கமாட்டான்.

மாரிகாலத்திலை இஞ்சை எல்லாம் ஈரம் குடிக்கும், சோக்கும் தப்பாது. ஐப்பசி, கார்த்திகையிலை திறந்து கிடந்த கட்டி பூசேக்கை அப்பிக்கொண்டு வரும். மூடி இறுக்கமான போத்தலிலை போட்டுவையுங்கோ. வேர்த்த கையாலை சோக்கின்ரை பூசிற பக்கத்தைத் தொடாதேங்கோ. கை வழுக்குதெண்டால் துவாயாலை துடையுங்கோ, இல்லாட்டில் கையுறை போடுங்கோ. சோக் கைக்கு இல்லை.

மேசைக்கு மேலை நிண்டு பூசவேண்டாம், ஒரு அடி பின்னுக்கு வாங்கோ. டிப்பை ஊதவும் வேண்டாம். தூள் துணியிலை விழுந்தால் பந்திலை ஏறும். ரண்டு பந்தும் முட்டுற புள்ளியிலை ஒரு சோக் பொட்டு இருந்தால் காணும், கணநேரம் ஒண்டையொண்டு பிடிச்சு, போடவேண்டிய பந்து கோட்டை விட்டு விலகும். ஸ்னூக்கர்காரர் இதைத்தான் கிக் எண்டுறவை. அதுதான் நான் பந்துகளை ஒவ்வொரு நாளும் துடைக்கிறது. கட்டியை மேசை விளிம்பிலை வைக்கேக்கை பூசிற பக்கம் மேலை பார்க்கட்டும். துணியிலை தூள் விழுந்தால் மெத்தை பிரஷாலை ஒரே திசையிலை தட்டி எடுங்கோ, ஈரத்துணியாலை தேய்ச்சால் உள்ளுக்கு இறங்கிடும்.

உடுப்புக்கும் அதே கதைதான். நல்லூர்த் திருவிழாவுக்குக் கட்டின வேட்டியோடை நேரை இஞ்சை வந்து நீலமாய்ப் போறவை இருக்கினம். பைப்படிக்கு ஓடாதேங்கோ. முதல் காய்ஞ்சபடி நல்லா உதறி, பிரஷாலை தட்டிப்போட்டுத்தான் சவர்க்காரம் போடுங்கோ.