ஹைப்பேஷியாவிடம் கேட்ட குழாய்: வடசென்னைத் தண்ணீரில் செய்து பார்க்க

பழங்கால எகிப்தில், அலெக்சாண்டிரியா நகரில் வாழ்ந்த கணித அறிஞர் ஹைப்பேஷியாவைப் பற்றி டியூஷன் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமென்றால், அவர் எப்படிச் செத்தார் என்பதில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு குழாயில் ஆரம்பியுங்கள். அவரிடம் படித்த சினீசியஸ் அவருக்கு எழுதிய ஏழு கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன. அதில் ஒன்றில், காலம் அவ்வளவு கெட்டுவிட்டது, எனக்கு ஒரு நீர்மானி தேவைப்படுகிறது என்று கேட்கிறார். எப்படி இருக்க வேண்டும் என்பதையும் அவரே எழுதிவிடுகிறார்: புல்லாங்குழல் அளவில் ஓர் உருளைக் குழாய், நெடுக நேர்கோட்டில் குறிகள், ஒரு முனையில் பாரத்துக்கு ஒரு கூம்பு. தண்ணீரில் விட்டால் நிமிர்ந்து நிற்கும். குறிகளை எண்ணித் தண்ணீரின் கனத்தைச் சொல்லலாம்.

அதைச் செய்ய 18 மி.மீ. விட்டமும் 150 மி.மீ. நீளமும் உள்ள கண்ணாடி டெஸ்ட் ட்யூப் ஒன்று வேண்டும். பாரிமுனைப் பக்கம் லேப் சாமான் கடைகளில் கிடைக்கும். கழுவிக் காயவைத்த மணல் ஒரு கைப்பிடி, மெழுகுவர்த்தி ஒன்று, மில்லிமீட்டர் கிராஃப் தாள், 2 லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில் ஒன்று. பாட்டிலின் கழுத்தைத் தோளுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். தண்ணீர் 18 செ.மீ. ஆழமாவது நிற்க வேண்டும். இல்லையென்றால் குழாய் தரை தட்டும்.

கிராஃப் தாளில் 1 செ.மீ. அகலத் துண்டு வெட்டி, குழாயின் உட்பக்கம் ஒட்டினாற்போல் நிற்க வையுங்கள். வெளியே ஒட்டினால் நனைந்து கனம் கூடும், கணக்கு போச்சு. பாட்டிலில் ஆர்.ஓ. கேன் தண்ணீரை ஊற்றிக் குழாயை விடுங்கள். மணலைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு, 12 செ.மீ. முங்கும்போது நிறுத்துங்கள். பிறகு மணல் மேல் உருகிய மெழுகை நாலைந்து சொட்டு விட்டால் போதும், குழாய் சாய்ந்தாலும் மணல் நகராது. மெழுகும் கனம் என்பதால் ஆறியபின் மறுபடி மிதக்கவிட்டு, அப்போது நீர்மட்டம் தொடும் கிராஃப் கோட்டைத்தான் முதல் கோடாகக் குறித்துக்கொள்ள வேண்டும். மெழுகுக்கு முன்னால் கோடு போட்டுவிட்டு, பின்னால் கணக்கு உதைக்கிறதே என்று தலையைச் சொறிவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு.

அடுத்தது உப்புக் கோடு. ஒரு லிட்டர் கரைசலுக்கு 35 கிராம் உப்பு என்ற கணக்கில், பாட்டிலில் அதே 18 செ.மீ. ஆழம் நிற்கும் அளவுக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். கடல் தண்ணீர் கிட்டத்தட்ட இந்தக் கனம்தான். குழாய் சுமார் 3 மி.மீ. மேலே ஏறும். 70 கிராமில் 5 மி.மீ.க்குச் சற்று மேல், 100 கிராமில் ஏறக்குறைய ஏழரை. அவ்வளவுதானா என்று பிள்ளைகள் முகம் சுருங்கும். அவ்வளவுதான், ஒரே தடிமனான குழாயில் இதுதான் வரும். கடல் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட நூற்றுக்கு இரண்டரை பங்குதான் கனம், 12 செ.மீ.யில் இரண்டரை சதவீதம் 3 மி.மீ. குழாய் தடியா ஒல்லியா என்பதில் ஒன்றும் இல்லை, முங்கும் நீளம்தான் கணக்கு.

அதனால்தான் கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கிப் படிக்க வேண்டும். குழாயைச் சுற்றித் தண்ணீர் விளிம்பு கட்டி ஏறும். அந்த விளிம்பை அல்ல, தட்டையான பரப்பைப் பாருங்கள். கையெண்ணெய் பட்ட குழாயில் விளிம்பு கோணலாக நிற்கும், சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். குமிழ் ஒட்டியிருந்தால் குழாய் பொய்யாக ஏறும், சுண்டினால் விட்டுவிடும். ஃபிரிட்ஜ் தண்ணீர் வேண்டவே வேண்டாம். குளிர்ச்சியில் மட்டும் அரை மில்லிமீட்டர் போய்விடும். எல்லாத் தண்ணீரையும் ஒரே அறையில் ஒரு மணி நேரம் வைத்த பிறகு அளந்து பாருங்கள்.

கடல் தண்ணீரைக் காசிமேட்டில் துறைமுகத்துக்குள் மொள்ளாதீர்கள், டீசல் படலம் இருக்கும். அலை அடிக்கிற பக்கம் பெரியவர் ஒருவர் கயிற்று வாளி போட்டு எடுக்கட்டும். எண்ணூர் முகத்துவாரத் தண்ணீர் கேனுக்கும் கடலுக்கும் நடுவில் எங்காவது நிற்கும். ஏற்றமா வற்றமா என்பதைப் பொறுத்து மாறும். மழைக்காலம் முடிந்த கையோடு எடுத்தால் இன்னும் இறங்கும்.

வீட்டு போர் தண்ணீர் உப்பா என்று இதில் பார்க்க முடியாது. லிட்டருக்கு 2 கிராம் கரைந்திருந்தால் வாயில் வைக்க முடியாது; குழாயோ 0.2 மி.மீ.கூட அசையாது. அதற்குக் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர்தான். சினீசியஸ் இதை எதற்குக் கேட்டார் என்று யோசிக்கும்போதும் இது உதவும்: ஒரு குடிதண்ணீரையும் இன்னொன்றையும் பிரித்துச் சொல்ல இந்த வடிவத்தால் ஆகாது.

குழாய் மிதந்துகொண்டிருக்கும்போதே ஆளைப் பற்றிச் சொல்லுங்கள். கணித அறிஞர் தேயோனின் மகள். டயோஃபான்டஸின் எண்கணிதத்துக்கும் அப்பல்லோனியஸின் கூம்பு வெட்டுகளுக்கும் உரை எழுதினார், இரண்டும் கிடைக்கவில்லை. தாலமியின் வானியல் நூலின் மூன்றாம் பகுதிக்குத் தான் எழுதிய உரையின் தலைப்பில், என் மகள் ஹைப்பேஷியா பார்த்துத் திருத்திய பதிப்பு என்று தேயோனே குறித்திருக்கிறார். கி.பி. 415இல் ஒரு கும்பல் ஹைப்பேஷியாவைக் கொன்றது. எகிப்தின் ரோமானிய ஆளுநர் ஒரெஸ்டஸுக்கும் பேராயர் சிரிலுக்கும் நடந்த அதிகாரச் சண்டையில் அவர் சிக்கிக்கொண்டார். அலெக்சாண்டிரியா நூலகம் எரிந்த கதையை இதோடு சேர்க்காதீர்கள். நீர்மானியைக் கண்டுபிடித்தவர் அவர்தான் என்றும் சொல்லாதீர்கள். கண்டுபிடித்தவருக்கே அது எப்படி இருக்கும் என்று யாராவது விளக்கி எழுதுவார்களா? சுவரில் ஒட்டத் தேடினால் முதலில் வரும் பக்கவாட்டு முகப் படம் 1908இல் வரைந்தது. அவர் முகம் யாருக்கும் தெரியாது.

நேரம் இருந்தால் பால்காரரிடம் பால்மானியை வாங்கிக் கடல் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். கொஞ்சம் தண்ணீர் கலந்த பால் என்று காட்டும்! அடியில் பெரிய குமிழ், மேலே ஒல்லிக் காம்பு என்பதால் கோடுகள் நன்றாக விலகி நிற்கும். 40 மி.லி. மருந்து பாட்டிலின் வாயில் 8 மி.மீ. பேனாக் குழாயை எம்-சீல் வைத்து அடைத்தால் அதையே நீங்களும் செய்யலாம். முன்பு 3 மி.மீ. ஏறிய கடல் தண்ணீர் இதில் 2 செ.மீ. ஏறும். எம்-சீல் இறுக ஒரு ராத்திரி விடுங்கள். ஈரத்தோடு முக்கினால் ஒழுகி, பாட்டில் முழுகிவிடும்.