குடியை நிறுத்த எங்கே அனுப்புவது? மலையகத் தோட்டத்தில் முதலில் கேட்க வேண்டியவை

எவ்வளவு குடிக்கிறார் என்றுதான் பலரும் விசாரிக்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது: கடைசியாக நிறுத்தியபோது உடம்பு என்ன செய்தது?

திருவிழாவுக்குக் காப்புக் கட்டி ஒரே நாளில் நிறுத்துகிற, தினமும் குடிப்பவருக்கு ஆபத்து அதிகம். 6 மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கலாம். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2ஆம், 3ஆம் நாளில் இல்லாத ஆளோடு பேசலாம், இடம் தெரியாமல் குழம்பலாம். பேய் என்று கோடங்கியைத் தேடினால், அந்த நேரத்தில் உயிரே போகலாம்.

முன்பு வலிப்போ குழப்பமோ வந்தவர், விடிந்ததும் குடித்தால்தான் நடுக்கம் நிற்கும் என்பவர், ஈரல் நோயாளி, கர்ப்பிணி ஆகியோரை வார்டில் வைத்தே நிறுத்த வேண்டும். சேரும்வரை குடியைச் சட்டென்று பிடுங்காதீர்கள். வார்டில் நடுக்கத்தைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைப்பார்கள், வைட்டமின் பி1 கொடுப்பார்கள். பார்மசியில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பது பெரிய தவறு. சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சு நின்றுபோகலாம். தோட்டத்தின் மேல் டிவிசனில் பாதை மோசம் என்றால் சந்தேகம் வந்ததுமே சேர்த்துவிடுங்கள். இலங்கையில் அவசர அம்புலன்ஸுக்கு 1990.

அந்த ஆபத்து இல்லாதவரிடம் குடிப்பழக்கத்தை அளக்கும், உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஓடிட்’ (AUDIT) வினாக்கள் 10ஐயும் கேளுங்கள். மொத்தம் 40 புள்ளி. 8 முதல் 15 வரை டிஸ்பென்சரி அறிவுரை போதும். 16 முதல் 19 என்றால் ஆலோசனையும் தொடர்ந்த கவனிப்பும். 20உம் அதற்கு மேலும் என்றால் மனநல கிளினிக்.

பிழை நடப்பது, ஒரு நாளில் எத்தனை அளவு குடிக்கிறார் என்ற வினாவில்தான். 10 கிராம் மதுசாரமே ஓர் அளவு. 33 வீதச் சாராயத்தில் 180 மில்லிலீற்றர் கால் போத்தல் கிட்டத்தட்ட 5 அளவு. ‘ஒரு கால்தான்’ என்றதை 1 என்று எழுதிவிடாதீர்கள். கள்ளச் சாராயமான கசிப்புக்கு இந்தக் கணக்குச் சரிவராது, வீரியம் மாறிக்கொண்டே இருக்கும். குடித்தபின் பார்வை மங்கினால் மெத்தனோல் என்ற நச்சு மதுசாரமாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி.

சாக வேண்டும் போலிருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். ஆம் என்றால் புள்ளி எதுவானாலும் அன்றைக்கே மனநலப் பிரிவு. தனியே விடாதீர்கள், பூச்சிமருந்தை அப்புறப்படுத்துங்கள். பேச, மனநல உதவி எண் 1926.

தங்கிச் சிகிச்சை பெறும் நிலையம் உடம்பு தேறிய பிறகுதான். பக்கத்துக் காம்பராவிலேயே கசிப்பு விற்கிறது, கிளினிக் போயும் திரும்பத் திரும்பக் குடிக்கிறார் என்றால் அது தேவை. வீட்டில் துணை இருந்து, வேலைக்கும் போகிறவருக்குக் கிளினிக்கே போதும். நாட்சம்பளத்தை வீணாக இழக்க வைக்கக் கூடாது.

வார்டிலிருந்து வந்தவரை ஒரு கிழமைக்குள் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். மறுபடி குடித்திருந்தால் முதல் கேள்வியிலிருந்தே மீண்டும் கேளுங்கள். நிறுத்தி நிறுத்திக் குடிப்பவருக்கு அடுத்த தடவை வலிப்பு வரும் வாய்ப்புக் கூடும்.