பயணத்துக்கு முன் அடையாள ஆவணங்களைச் சரிபார்த்தல்: ஒரு வழிகாட்டி

டிக்கெட் முன்பதிவு செய்வதற்கு முன்பே, பயணம் செய்யவிருக்கும் ஒவ்வொருவரின் ஆவணத்தையும் எடுத்து வைத்து, அதில் உள்ள பெயர், செல்லுபடியாகும் நாள், தாள்களின் நிலை ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இவற்றுள் மிகுதியான சிக்கலைத் தருவது பெயர்தான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே இனிஷியலாக முன்னால் நிற்கிறது. சுப்பையாவின் மகன் முருகன் பள்ளிச் சான்றிதழில் 'முருகன் எஸ்' என்றும், ஆதாரில் 'எஸ் முருகன்' என்றும், இனிஷியலை விரித்து எழுதக் கேட்கும் பான் அட்டையில் 'முருகன் சுப்பையா' என்றும் பதிவாகியிருப்பார். ஊருக்குள் இதனால் எந்த இடையூறும் இல்லை. ஆனால் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலுக்கு இடமில்லை. அதை முழுமையாக விரித்து எழுத வேண்டும். பலர் குடும்பப் பெயருக்கான கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, ஒற்றைப் பெயருடன் பாஸ்போர்ட் பெற்றுவிடுகிறார்கள். இந்தியச் சட்டப்படி அது செல்லும் என்றாலும், சிக்கல் பிற நாடுகளின் வாசலில் எழுகிறது. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா அல்லது வருகை விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் முடிவெடுத்தபோது, அது தென்னிந்தியப் பயணிகளையே பெரிதும் பாதித்தது. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் மற்றொரு பக்கத்தில் அச்சாகியிருந்தால் ஏற்கலாம் என்று பின்னர் தளர்வு தரப்பட்டது. அமெரிக்க விசாவிலோ, ஒற்றைப் பெயர் குடும்பப் பெயரின் இடத்துக்குப் போய்விட, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பெயர் தெரியவில்லை' என்னும் பொருள்படும் 'எஃப்என்யு' என்ற எழுத்துகள் விழுகின்றன. அங்கே ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு என்று எங்கு போனாலும் அது தொடரக்கூடும்.

ஆகவே, புதிதாக விண்ணப்பிக்கும்போதே தந்தை பெயரையோ தாய் பெயரையோ விரித்துக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் எழுதிவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அதற்கு முன்பே ஆதாரிலும் பெயரை அதே எழுத்துக்கூட்டலில் திருத்திக்கொண்டால், சரிபார்ப்பின்போது கேள்விகள் குறையும். ஏற்கெனவே ஒற்றைப் பெயரில் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், விவர மாற்றத்துடன் மறு வெளியீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பழைய ஏட்டில் திருத்தி எழுதித் தரமாட்டார்கள், புதிய ஏடுதான் வரும். திருமணமான பெண்கள் பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கல்விச் சான்றிதழ்களில் உள்ள பெயரையே வைத்துக்கொண்டால், வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் அதுவே எளிது. விமான டிக்கெட்டில் பெயரைப் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து உள்ளிட வேண்டும். குடும்பப் பெயர் இல்லாதவர் அந்தக் கட்டத்தை எப்படி நிரப்ப வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், பணம் செலுத்தும் முன் அந்நிறுவனத்திடமே கேட்டுக்கொள்வது பாதுகாப்பானது.

உள்நாட்டுப் பயணம் இதைவிட எளிது. விமான நிலைய வாசலில் ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, பாஸ்போர்ட் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று போதும். கைபேசியில் காட்ட விரும்பினால் எம்-ஆதார் அல்லது டிஜிலாக்கர் செயலியைத் திறந்து காட்ட வேண்டும். அட்டையைப் படமெடுத்து வைத்திருப்பது ஆவணமாகாது. பெற்றோருடன் வரும் குழந்தைகளுக்குத் தனி அடையாள அட்டை தேவையில்லை என்றாலும், 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயதுச் சான்றை விமான நிறுவனம் கேட்கும். ரயிலில், இணையவழி எடுத்த டிக்கெட்டில் உள்ள பயணிகளுள் ஒருவராவது அசல் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். இல்லையேல் அந்த டிக்கெட்டில் உள்ள அனைவருமே டிக்கெட் இல்லாதவர்களாகக் கருதப்படுவார்கள். 2025 ஜூலை முதல், ஐஆர்சிடிசி தளத்தில் தட்கல் டிக்கெட் எடுக்கக் கணக்கை ஆதாருடன் சரிபார்த்திருக்க வேண்டும் என்பதால், அதைப் பயண அவசரம் வரும்வரை தள்ளிப்போடக் கூடாது.

இந்தியாவுக்குள்ளேயே அட்டை மட்டும் போதாத இடங்களும் உண்டு. அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் ஆகிய மாநிலங்களுக்கு இன்னர் லைன் பெர்மிட் என்னும் முன் அனுமதியும், லட்சத்தீவுக்குத் தனி நுழைவு அனுமதியும் பெற வேண்டும். நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் விசா தேவையில்லை என்பதைக் கேட்டு ஆதாரை மட்டும் எடுத்துச் செல்வோர் இருக்கிறார்கள். அங்கே பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். 15 வயதுக்குக் கீழும் 65 வயதுக்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டுமே ஆதார் ஏற்கப்படுகிறது. பசுபதிநாதரைத் தரிசிக்கப் பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள், 60 வயதைக் கடந்த தந்தைக்கு ஆதார் போதும் என்று எண்ணிவிட வேண்டாம்.

வெளிநாட்டுப் பயணத்தில் அடுத்துப் பார்க்க வேண்டியது செல்லுபடிக் காலம். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகள், நுழையும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதங்களுக்குப் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும் என்கின்றன. ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளுக்கு, அங்கிருந்து புறப்படும் நாளுக்குப் பிறகு 3 மாதங்கள் மீதமிருக்க வேண்டும். ஆக, 10 ஆண்டுக்கான பாஸ்போர்ட்டை ஒன்பதரை ஆண்டுகளுக்கானதாகவே கருதிக்கொண்டு, கடைசி ஆண்டு தொடங்கியதும் மறு வெளியீட்டுக்கு விண்ணப்பித்துவிடலாம். 36 பக்க ஏட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் முறையில் கூடுதலாக 2,000 ரூபாய். பழைய ஏட்டில் செல்லுபடியாகும் விசா இருந்தால், இரண்டு ஏடுகளையும் சேர்த்து எடுத்துச் செல்ல வேண்டும். சிறுவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக 5 ஆண்டுகளுக்கே தரப்படுகிறது. பெற்றோர் தங்கள் ஏட்டைப் பார்த்துவிட்டுக் குழந்தையின் ஏட்டைப் பார்க்காமல் விடுவது வழக்கமாக இருப்பதால், அதைத் தனியே பார்த்துக் குறித்து வைக்கவும். 2023 அக்டோபர் 1-ஆம் தேதி அல்லது அதற்குப் பின் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த நாளுக்கான சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே ஏற்கப்படும். அதில் குழந்தையின் பெயர் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக, வேலைக்குக் குடிபெயர முன் அனுமதி தேவை என்பதைக் குறிக்கும் இசிஆர் வகையில் வரும். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போது குடிபெயர்வோர் பாதுகாவலர் என்னும் அரசு அதிகாரியின் அனுமதி கட்டாயம். சுற்றுலா விசாவில் போய்விட்டு அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் முகவரை நம்ப வேண்டாம். அந்த அனுமதி இல்லாமல் போனவருக்குச் சம்பளம் தரப்படாதபோதும், பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொள்ளும்போதும் துணைநிற்க ஆவணம் எதுவும் இருக்காது.

புறப்படும் முன் பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்களையும் விசாவையும் நகலெடுத்து, ஒரு பிரதியை வேறு பையிலும் மற்றொன்றை வீட்டிலும் வைக்கவும். வெளிநாட்டில் பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் அங்குள்ள காவல் நிலையத்தில் புகார் அளித்து, அதன் நகலுடன் இந்தியத் தூதரகத்தை அணுக வேண்டும். புதிய பாஸ்போர்ட்டுக்குக் காத்திருக்க முடியாதவர்களுக்குத் தூதரகம் அவசரச் சான்றிதழ் வழங்கும். அதைக் கொண்டு ஒருமுறை இந்தியாவுக்குத் திரும்பலாமே தவிர, மீதிப் பயணத்தைத் தொடர முடியாது.