சித்தப்பாவிடம் பருவநிலை பேசுவது எப்படி? என் அனுபவம்

பருவநிலை மாற்றம் என்று வாயெடுத்தாலே என் சித்தப்பா, "பூமி எந்தக் காலத்தில் மாறாமல் இருந்தது? எல்லாம் சூரியனின் வேலை" என்று பேச்சை முடித்துவிடுவார். புள்ளிவிவரங்களை அடுக்கினால் குரல்தான் உயரும்.

இப்போதெல்லாம் முதலில் கேள்விதான். "உங்கள் சிறுவயதில் இரவுகள் எப்படி இருந்தன, சித்தப்பா?" என்றேன். போர்வை இல்லாமல் தூங்க முடியாத மாதங்களை அவரே வரிசையாகச் சொன்னார். நினைவு சான்றாகாதுதான், ஆனால் முறைப்பு போய்விட்டது.

பிறகு சூரியனுக்கு வந்தேன். அது நியாயமான சந்தேகம். கேலி செய்யக் கூடாது. "சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலம் அடி முதல் முடி வரை சூடாக வேண்டுமே? தரையை ஒட்டிய அடுக்கு சூடாகிறது, அதற்கு மேலுள்ள அடுக்கு குளிர்கிறது. கரியமில வாயு கூடினால் இப்படித்தான் நடக்கும்" என்றேன். "மேலே குளிர்கிறதா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எண் ஒன்றுதான் சொன்னேன். ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலையில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் கரியமில வாயு 10 லட்சத்தில் சுமார் 315 பங்கு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. கூடவே இன்னும் நாலு எண்களைச் சொல்லியிருந்தால் இதுவும் அவர் மனதில் நின்றிருக்காது.

பனிக்கரடிப் படங்களை நான் காட்டுவதே இல்லை. பரிதாபம் வரும், அவ்வளவுதான்.

"சரி, அதற்கு என்ன செய்யச் சொல்கிறாய்?" என்றார் சித்தப்பா. மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்பதில் தொடங்கினோம். அணுமின் நிலையம் வேண்டுமா என்பதில் இன்னும் சண்டைதான்.