நோயாளியைக் குறை சொல்வதற்கு முன்

ஒருவருக்குச் சர்க்கரையோ இதய நோயோ வந்துவிட்டால், "வாயைக் கட்டியிருக்கலாம், கொஞ்சம் நடந்திருக்கலாம்" என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். முதல் தவறு இதுதான், பெரிய தவறும் இதுதான். பழக்கங்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் கணக்கு அதோடு முடிவதில்லை.

லண்டனில் அரசு ஊழியர்களிடையே 1967இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வைப் பாருங்கள். எல்லோருக்கும் நிலையான வேலை, தவறாத சம்பளம். அப்படியிருந்தும் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறந்த விகிதம், உச்சியில் இருந்த அதிகாரிகளைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றின் பங்கையும் கழித்த பிறகும் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி அப்படியே நின்றது. 'வறுமையில் இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பாதிப்பு' என்று நினைப்பதும் தவறு. பதவி ஒவ்வொரு படி இறங்க இறங்க ஆபத்தும் ஏறியது.

'எல்லாம் பரம்பரை' என்று விட்டுவிடுவதும் சரியல்ல. கலிபோர்னியாவில் குடியேறிய ஜப்பானிய ஆண்களுக்கு, ஜப்பானில் இருந்தவர்களைவிட இதய நோய் அதிகம். வம்சம் ஒன்றுதான், வாழ்க்கை மாறிவிட்டது. அவர்களிலும் பழைய சமூக உறவுகளை விடாமல் வைத்திருந்தவர்களுக்கு நோய் குறைவாக இருந்ததை 1976இல் வெளியான ஆய்வு காட்டியது. பண்பாடு என்றாலே மருத்துவத்துக்கு முட்டுக்கட்டை என்று பேசுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்புறம், ஒருவரின் சமூகத்தையோ மதத்தையோ தெரிந்துகொண்டதும் அவரையே தெரிந்துகொண்டதாக நினைப்பதும் தவறுதான். ஒரே வீட்டில் அக்காவும் தங்கையும்கூட ஒரே மாதிரி வாழ்வதில்லை. கேட்டால்தான் தெரியும்.

இரவுப் பணி பார்க்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். மருந்துச் சீட்டில் 'காலை, சாப்பாட்டுக்கு முன்' என்று இருக்கிறது. அவர் வீடு திரும்புவதே காலை ஏழு மணிக்கு. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் படுத்தால், முதல் சாப்பாடு பிற்பகலில்தான். மாத்திரை சில நாள் காலையில், சில நாள் மதியம், சில நாள் இல்லவே இல்லை. கோப்பில் 'மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை' என்று ஒரு வரி ஏறிவிடுகிறது. அடுத்து வரும் மருத்துவரும் அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் அவர் முகத்தைப் பார்க்கிறார். எப்போது தூங்கி எழுகிறீர்கள், எப்போது சாப்பிடுகிறீர்கள், மருந்து வாங்கும் பணம் யார் கையில் இருக்கிறது, உங்களுக்கு ஏன் இந்த நோய் வந்தது என்று நீங்களே நினைக்கிறீர்கள்? நாலே கேள்விகள்தான். மாத்திரையை மாற்றுவதற்கு முன் இவற்றைக் கேட்டுவிடுங்கள்.