இருட்டில் அடைபடும் சுழிகள்: திரைப் பின்னணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திரைக்குக் கறுப்புப் பின்னணியா, வெள்ளையா என்ற பேச்சு பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்தே நடக்கிறது. தமிழ் எழுத்தின் கதை வேறு. 'ண'வுக்கு மூன்று சுழி, 'ன'வுக்கு இரண்டு. 'கி'யும் 'கீ'யும் வேறுபடுவது உச்சியில் இருக்கும் ஒரு சின்னச் சுழியால். புள்ளி மங்கினால் 'பல்' 'பல' ஆகிவிடும்.

இந்த நுணுக்கத்தை அதிகம் கெடுப்பது, கன்னங்கரிய பின்னணியில் பளீரென்ற வெள்ளை எழுத்து. இருண்ட திரையைப் பார்க்கும்போது கண்மணி விரிகிறது; அதனால் எழுத்தின் ஓரங்கள் கூர்மை இழந்து, வெள்ளை கசிந்தாற்போலத் தெரிகிறது. கண்ணாடிக் கடையில் 'சிலிண்டர் பவர்' என்பார்களே, அந்தக் குறை உள்ளவர்களுக்கு இது இன்னும் கூடுதல். கசியும் வெள்ளை முதலில் அடைப்பது சுழிக்குள் இருக்கும் ஓட்டையைத்தான். கூகுளின் செயலி வடிவமைப்பு வழிகாட்டியான மெட்டீரியல் டிசைன், டார்க் தீமுக்கு (இருண்ட பின்னணியில் வெளிர் எழுத்து; டார்க் மோட் என்பதும் இதுவே) முழுக் கறுப்பைச் சொல்லாமல் 121212 என்ற நிறக் குறியீடு கொண்ட அடர் சாம்பலைப் பரிந்துரைத்தது. அதன்மேல் வெளிர் சாம்பல் எழுத்து நன்றாக நிற்கும். தடித்த எழுத்துரு வேண்டாம். வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடுங்கள். நீண்ட கட்டுரையை வெளிச்சமான அறையில் படிக்க வெளிர் பின்னணிதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. டார்க் மோட் இரவுக்கு இருக்கட்டும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பார்க்க நாசூக்காக இருக்கிறது என்று வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்தை வைப்பது. இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் நெறிமுறை, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு கேட்கிறது. பெரிய எழுத்துக்கு 3:1 போதும். வெள்ளையில் கறுப்பு 21:1. வெள்ளையில் 777777 சாம்பல் 4.48 மட்டுமே, மயிரிழையில் தோற்கிறது, 767676 தேறிவிடும். ஆங்கிலத்துக்கே 4.5:1தான் கீழ் எல்லை என்றால், தமிழுக்கு 7:1க்குக் குறையாமல் வைப்பேன். கறுப்பில் சுத்த நீல எழுத்து வெறும் 2.44தான். வெள்ளையில் மஞ்சளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

புரொஜெக்டரில் பலர் ஏமாறுகிறார்கள். புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. விளக்கு எரியும் மண்டபத்தில் உங்கள் 'கறுப்பு', திரைத்துணியின் வெளிறிய நிறமாகத்தான் தெரியும். மடிக்கணினியில் அழகாக இருந்த இருண்ட ஸ்லைடு அங்கே சோர்ந்துவிடும். விளக்கை அணைக்க முடியாத இடத்துக்கு வெளிர் ஸ்லைடையே கொண்டுபோங்கள்.

வாழ்த்துப் படங்களில் புகைப்படத்தின் மேலேயே கவிதையை எழுதுவதும் இப்படித்தான்: பாதி வரி மேகத்தில், பாதி மரத்தில். எழுத்துக்குப் பின்னால் ஒரு அடர் பட்டையைப் போட்டால் தீர்ந்தது. டார்க் மோட் சேர்க்கும்போது பின்னணியை மட்டும் மாற்றிவிட்டு எழுத்தின் நிறத்தையும் கறுப்பு லோகோவையும் மறந்துவிடாதீர்கள்; இரண்டும் காணாமல் போகும்.

எதையும் வெளியிடும் முன், நண்பகலில் மொட்டை மாடிக்குப் போய் ஒரு பழைய போனில் திறந்து பாருங்கள். 'மணம்', 'மனம்' இரண்டும் வரும் வரியாகத் தேர்ந்தெடுத்து, வீட்டில் வயதானவர் ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள்.