உதவி உபகரணங்களுக்கு நிதி கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாற்றுத்திறனாளிகளுக்குத் தொழிற்பயிற்சியும் வேலையும் பெற்றுத் தரும் தொண்டு நிறுவனங்களில் இப்போது புதிய களப்பணியாளர்கள் பலர் சேர்ந்து வருகிறார்கள். அவர்கள் தயாரிக்கும் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும்போது, எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த அதே தவறுகள் திரும்ப வருவதைக் காண்கிறேன். புகைப்படம் ஒட்ட மறப்பது, கையொப்பம் விடுபடுவது போன்றவற்றை அலுவலகமே சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்பிவிடும் என்பதால் அவற்றைப் பற்றிப் பேசத் தேவையில்லை. ஒப்புதலும் கிடைத்து, உபகரணமும் கைக்கு வந்த பிறகே தெரியவரும் தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அளவு பார்க்காமல் முகாமில் வாங்கிக்கொள்வது

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி உபகரணங்கள் வழங்கும் ஒன்றிய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டம் 1981 முதல் நடைமுறையில் உள்ளது. பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாது என்று சான்று பெற்றவர்களில், மாத வருமானம் 22,500 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு உபகரணத்தின் முழுச் செலவையும், 30,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குப் பாதிச் செலவையும், உச்சவரம்புக்கு உட்பட்டு இத்திட்டம் ஏற்கிறது. கான்பூரில் உள்ள அலிம்கோ நிறுவனம் தயாரிக்கும் சக்கர நாற்காலிகளும் மூன்று சக்கர வண்டிகளும் இத்திட்டத்தின் முகாம்கள் வழியாக நம் மாவட்டங்களுக்கு வருகின்றன. இதில் ஒரு விதியைப் புதியவர்கள் படிப்பதே இல்லை: கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் அதே தேவைக்காக வேறு எந்த வழியிலும் உதவி பெற்றிருக்கக் கூடாது, 12 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு மட்டும் இது ஓராண்டு. ஒருவரே மீண்டும் மீண்டும் பெற்று மற்றவர் விடுபடாமல் இருக்க வேண்டும் என்பதால் இந்த விதி நியாயமானதே. ஆனால், பொருந்தாத நாற்காலியைக் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டவரையும் அது அதே கண்ணால்தான் பார்க்கிறது.

தண்டுவடம் பாதிக்கப்பட்ட ஓர் இளம்பெண் தையல் பயிற்சியில் சேர்ந்தார். முதல் நாளிலிருந்தே வகுப்புக்கு வந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், பயிற்சி மையத்தினர் அவரை ஒரு முகாமுக்கு அழைத்துச் சென்று, கையில் கிடைத்த நாற்காலியை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். அதன் இருக்கை 18 அங்குல அகலம். அந்தப் பெண்ணின் இடுப்பளவோ 14 அங்குலம். நான் பார்க்கச் சென்றபோது, உடல் ஒரு பக்கமாகச் சாயாமல் இருப்பதற்காக இரண்டு பக்கமும் பழைய நூல் சேலைகளை மடித்துச் செருகியிருந்தார்கள். கழற்ற முடியாத கைப்பிடிகள் தையல் மேசையின் விளிம்பில் இடித்ததால் நாற்காலி மேசைக்கு அடியில் போகவில்லை. அவர் முன்பக்கம் வளைந்து, இடது முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, வலது கையால் மட்டும் துணியைத் தள்ளிக்கொண்டிருந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாததால் வலி தெரியவில்லை. குளிப்பாட்டும்போது அவருடைய அம்மாதான் பிட்டத்து எலும்பின் மேல் தோல் சிவந்திருப்பதைக் கண்டார். அது படுக்கைப்புண்ணாகி, ஆறும்வரை அவர் குப்புறப் படுத்தே இருக்க வேண்டியதாயிற்று. அதற்குள் பயிற்சி முடிந்து, உடன் படித்தவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். சரியான நாற்காலிக்கு விண்ணப்பித்தபோது, ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டது என்ற பதில்தான் வந்தது. இன்று நினைத்தாலும் எனக்கு ஆற்றவில்லை, ஏனென்றால் ஓர் அளவு நாடாவும் அரை மணி நேரமும் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட சக்கர நாற்காலி வழிகாட்டுதல்கள் இச்சேவையை எட்டுப் படிகளாகப் பிரிக்கின்றன. ஆளை அறிந்து பதிவு செய்வது, அவருடைய தேவையை மதிப்பிடுவது, பொருத்தமான நாற்காலியைத் தேர்வது ஆகிய மூன்றும் முடிந்த பிறகு நான்காவதாகத்தான் நிதி வருகிறது. நாற்காலியைத் தயார் செய்வதும், உடலுக்குப் பொருத்திப் பார்ப்பதும், ஓட்டப் பழக்குவதும், தொடர் பராமரிப்பும் அதற்கும் பிறகு வருகின்றன. நம் புதியவர்கள் நான்காவது படியில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள்.

முகாமுக்குப் போகும் முன்பே அளவெடுத்துவிடுங்கள். உட்கார்ந்த நிலையில் இடுப்பின் அகலம், தொடையின் நீளம், முழங்காலிலிருந்து பாதம் வரையுள்ள உயரம் ஆகியவற்றோடு, வேலை செய்யப்போகும் மேசையின் அடிப்பக்கம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இருக்கை இடுப்பளவைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் அகலமாக இருக்கக் கூடாது. 18 அங்குல இருக்கை கொண்ட நாற்காலியின் மொத்த அகலம் 25, 26 அங்குலம் வரை வரும் என்பதால் வீட்டு வாசலையும் கழிப்பறை வாசலையும் அளப்பது அவசியம். உணர்ச்சி இல்லாதவர்களுக்கு அழுத்தம் குறைக்கும் மெத்தையை விண்ணப்பத்தில் தனி இனமாகவே கேளுங்கள். கொடுக்கப்படும் நாற்காலி பொருந்தவில்லையென்றால் கையெழுத்திடாமல், எந்த அளவு தேவை என்பதை எழுத்துமூலம் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை பெற்று வாருங்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான நியோஃப்ளை போல, ஒவ்வொருவரின் அளவுக்கும் ஏற்பச் செய்து தரும் நாற்காலிகள் இப்போது கிடைக்கின்றன. அவற்றின் விலை அதிகம் என்பதால் இரண்டு மூன்று இடங்களில் நிதி சேர்க்க வேண்டியிருக்கும். அப்படியொரு முயற்சியில் இறங்கும் எண்ணம் இருந்தால், முகாம் நாற்காலியை வாங்குவதா வேண்டாமா என்பதை முதலிலேயே அந்தக் குடும்பத்துடன் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

வாங்கிவிட்டுப் பிறகு பணம் கேட்பது

முதலில் ஒப்புதல், பிறகு கொள்முதல்.

வேலை தருபவரின் கடமையை மறந்துவிடுவது

வேலை கிடைத்துவிட்ட ஒருவருக்கு, கணினித் திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பு மென்பொருளோ உயரம் மாற்றத்தக்க மேசையோ வேண்டுமென்றால், புதியவர்கள் உடனே நன்கொடையாளரைத் தேடிப் புறப்படுகிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20(2)ஆம் பிரிவு, அரசு நிறுவனங்கள் தம் மாற்றுத்திறனாளிப் பணியாளர்களுக்கு நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. ஒன்றிய அரசின் பணியாளர் துறை 2014 மார்ச் 31-இல் வெளியிட்ட குறிப்பாணை, உதவிக் கருவிகளை அலுவலகமே வழங்கலாம் அல்லது வாங்கிய செலவைத் திருப்பித் தரலாம் என்று வழிசெய்திருக்கிறது. நியாயமான வசதி பெறும் உரிமை 40 சதவீத வரம்போடு நின்றுவிடுவதில்லை என்பதை விகாஷ் குமார் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆகவே ஒன்றிய அரசு அலுவலகத்தில் சேர்ந்தவருக்காக எழுதும் முதல் கடிதம், இவற்றைக் குறிப்பிட்டு அவருடைய அலுவலகத் தலைவருக்குப் போக வேண்டும்.

தனியார் நிறுவனங்களில் வேறொரு குழப்பம் நேர்கிறது. மனிதவளப் பிரிவினர் நல்லெண்ணத்தோடு, சி.எஸ்.ஆர். எனப்படும் நிறுவன சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து வாங்கித் தருகிறோம் என்பார்கள். ஒரு நிறுவனம் தன் சொந்தப் பணியாளர்களுக்குப் பயனளிக்கும் செலவைச் சி.எஸ்.ஆர். கணக்கில் காட்டக் கூடாது என்பது விதி. தணிக்கையில் சிக்கியதும் அந்தக் கோப்பு அப்படியே நின்றுவிடும். பணியாளர் நலனுக்கான வழக்கமான செலவுத் தலைப்பில் கேட்கச் சொல்லுங்கள். அதே நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். நிதியை, அங்கு வேலை பார்க்காத பயிற்சியாளர்களுக்காகத் தாராளமாகக் கேட்கலாம்.

இலவசமாகக் கிடைப்பதற்கு நிதி கேட்பது

என்.வி.டி.ஏ. திரைவாசிப்பான் இலவசம், தமிழும் வாசிக்கும். வேலை செய்யும் இடத்து மென்பொருள், விலை கொடுத்து வாங்க வேண்டிய திரைவாசிப்பானான ஜாஸுடன் மட்டுமே ஒத்துழைக்கிறது என்று சோதித்துப் பார்த்த பிறகே, அந்தக் காரணத்தை எழுதி ஜாஸுக்கு நிதி கேளுங்கள்.

பழைய சான்றிதழை இணைப்பது

மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையான யுடிஐடி இல்லாமல், பழைய சான்றிதழை மட்டும் வைத்துக் கோப்பைத் தொடங்காதீர்கள்.

விலையை மட்டும் கேட்பது

பேட்டரி சக்கர நாற்காலிக்கு விலைப்புள்ளி வாங்கும்போதே, பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும், பழுது பார்ப்பவர் எந்த ஊரில் இருக்கிறார், உதிரிபாகம் வர எத்தனை நாளாகும் என்பதையும் எழுதி வாங்குங்கள். திரையில் உள்ளதைத் தொட்டு வாசிக்கும் புள்ளிகளாகக் காட்டும் பிரெயில் காட்சிக் கருவியைப் பெற்ற ஒருவர், அதைக் கணினியுடன் இணைக்கச் சொல்லித் தர ஆளில்லாமல் பெட்டியிலேயே வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். கற்றுத் தருபவரின் ஊதியமும் பயணப்படியும் உபகரணத்தின் செலவில் சேர்ந்தவையே. அவற்றை மறைக்காமல் தனி வரியில் எழுதுங்கள்.

பயிற்சி முடிந்த பிறகு கருவி யாருக்கு என்று கேட்காமல் விடுவது

பயிற்சி மையத்தின் பெயரில் வாங்கிய கருவி மையத்தின் சொத்துப் பதிவேட்டில் ஏறிவிடும். முழங்கை அழுத்தத்தில் இயங்கும் விசை பொருத்திய தையல் இயந்திரத்தில் ஆறு மாதம் பழகிய ஒருவர், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கால் மிதியுள்ள சாதாரண இயந்திரத்தின் முன் உட்கார வைக்கப்பட்டால், அவர் கற்றது எதுவும் கைகொடுக்காது. பயிற்சி தொடங்கும்போதே, வேலை கிடைத்ததும் கருவி அவருடனேயே செல்லும் என்று நன்கொடையாளரிடம் எழுதி வாங்குங்கள். அதற்கு வழியில்லாவிட்டால், பயிற்சியின் நடுப்பகுதியிலேயே பயனாளியின் பெயரில் இரண்டாவது கருவிக்கான விண்ணப்பத்தை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுத்து, அதன் எண்ணை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.